மகள் குட்டையாக இருக்கிறாளா? டப்பா மாவு வாங்கும் முன்…

கேள்வி: முக்கூடலில் பீடி சுற்றுகிறேன். அரசுப் பள்ளியில் மூன்றாவது படிக்கும் மகளுக்குப் போன மாதம்தான் 8 வயது முடிந்தது. உயரம் 118 செ.மீ. பாளையங்கோட்டையில் தனியார் பள்ளியில் படிக்கும் அக்கா மகள், அதே வயதில் 128. வீட்டுக்கு வந்து எடை பார்த்த ஒருவர், சத்துக் குறைவு, மாதம் 2,400 ரூபாய்க்கு மாவு வாங்கிக் கரைத்துக் கொடுங்கள் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம்மா. 8 முடிந்த பெண் பிள்ளைக்கு உலக சுகாதார நிறுவனக் கணக்கில் சராசரி உயரம் 126, 127 செ.மீ. 115-க்குக் கீழே போனால்தான் கவலை. அக்கா மகளின் உயரத்தில் பெற்றோர் உடல்வாகுக்குப் பெரிய பங்கு உண்டு. கருவிலும் முதல் இரண்டு வயதிலும் கிடைத்த ஊட்டத்துக்கும் பங்கு உண்டு. அந்தப் பாக்கியை 8 வயதில் டப்பா தீர்க்காது.

இலவசமாக எடை பார்க்க வருகிறவர் எந்தப் பிள்ளையையும் 'நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. டப்பாவின் பின்பக்கம் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள், முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் பெரும்பாலும் சர்க்கரை இருக்கும். அடுத்த மாதம் உங்களையே மாவு வியாபாரத்தில் நாலு பேரைச் சேர்த்துவிடச் சொல்வார். அந்தப் பணத்துக்கு ஏறக்குறைய முந்நூறு முட்டை வரும்.

காலையில் கடுங்காப்பியும் வர்க்கியும் கொடுத்து அனுப்பாதீர்கள். பள்ளியிலேயே காலைச் சாப்பாடு போடுகிறார்கள், சாப்பிடட்டும். மதிய முட்டையை அவள்தான் தின்கிறாளா என்று கேளுங்கள். ராத்திரி நம்ம ஊர் உளுந்தம்பருப்புச் சோறு, தொலியோடு. அரிசியில் குறைகிற புரதத்தை உளுந்து சரிக்கட்டும். பள்ளியில் தரும் பூச்சி மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, செருப்பில்லாமல் சுவரோடு குதிகாலை ஒட்டி நிறுத்தி, தலைமேல் நோட்டை மட்டமாக வைத்துக் கோடு போடுங்கள். வருஷத்துக்கு 5, 6 செ.மீ. ஏறினால் சரி. பள்ளியிலும் அளக்கிறார்கள். அந்த எண் கணினிக்குள் போகிறதே தவிர பெற்றவள் கைக்கு வருவதில்லை! கேட்டு வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 8 வயது முடியும் முன்பே மார்பு வளரத் தொடங்கிய பெண் பிள்ளை, இப்போது வகுப்பிலேயே உயரமாகத் தெரிவாள். வீட்டில் சந்தோஷப்படுவார்கள். ஆனால் எலும்பு சீக்கிரம் முதிர்ந்து, வளர்ச்சி முன்கூட்டியே நின்றுவிடலாம். கடைசியில் அவளே குட்டையாகிவிடலாம். அக்கா மகளுக்கு அப்படி ஏதாவது இருந்ததா என்று அக்காவிடம் கேட்டுவிடுங்கள். இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. உங்கள் மகள் வருஷத்துக்கு 4 செ.மீ.கூட ஏறாவிட்டாலும் அதே யோசனைதான்: பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவு. மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது, அதாவது எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். வரிசை நீளம், காலையிலேயே போய்விடுங்கள்.