வாசகர் கேள்வி – பதில்: வீட்டிலேயே ஹம்மஸ்

கேள்வி: இங்குள்ள ஹோட்டல்களில் பீட்ரூட், மிளகாய் என்று விதவிதமான சுவைகளில் ஹம்மஸ் (கொண்டைக்கடலையும் எள்ளும் சேர்த்து அரைக்கும் அரபு நாட்டு விழுது) பரிமாறுகிறார்கள். வீட்டில் பீட்ரூட்டை அவித்துக் கடலையோடு சேர்த்து அரைத்தேன்; தண்ணீராகவும் திப்பி திப்பியாகவும் வந்தது. அதில் சேர்க்கும் தஹினி என்ற எள்ளு விழுதுப் போத்தலுக்கும் விலை அதிகம். என்ன செய்யலாம்?
– வாசகி ஒருவர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: திப்பிக்குக் காரணம் கடலை, தண்ணீருக்குக் காரணம் பீட்ரூட். முதலில் கடலையைச் சரிசெய்வோம், ஏனெனில் அடிப்படை ஹம்மஸ் வெண்ணெய்போல் வராதவரை எந்தச் சுவையைச் சேர்த்தும் பயனில்லை.

200 கிராம் வெள்ளைக் கொண்டைக்கடலையை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரை வடித்துவிட்டு, புதுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா சேர்த்து அவியுங்கள். சோடா கடலையின் தோலை இளக்கும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கிணற்றுத் தண்ணீரோ அதை இறுக்கிவிடும். உங்கள் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு விழுகிறதென்றால், தண்ணீரை முன்கூட்டியே ஒருமுறை கொதிக்கவைத்து, ஆறித் தெளிந்த மேல்தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் வாங்கிக் கொறிக்கும் கடலை பல்லில் கடிபட வேண்டும். ஹம்மஸுக்கான கடலையோ இரு விரல்களுக்கிடையில் வைத்து மெல்ல அழுத்தியதும் மசிந்து, தோல் தனியே வழுக்கி வர வேண்டும். அந்தப் பதம் வரும்வரை அடுப்பிலிருந்து இறக்காதீர்கள்.

தஹினியை வாங்கத் தேவையில்லை. 100 கிராம் வெள்ளை எள்ளை மெல்லிய தீயில் வறுத்து, மணம் எழும்பியதுமே இறக்கிவிடுங்கள். எள்ளுருண்டைக்கு வறுப்பதுபோல் சிவக்கவிட்டால் கசப்புத் தட்டும். ஆறியபின் மணமில்லாத எண்ணெய் இரண்டு, மூன்று மேசைக்கரண்டி விட்டு, வழியும் பதத்துக்கு அரையுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம் என்பதே என் கருத்து. அதன் மணம் கடலையின் சுவையை மூடிவிடும்.

இரண்டு பல் உள்ளியை நசுக்கி, மூன்று மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாற்றில் பத்து நிமிடம் ஊறவிட்டால், புளிப்பு உள்ளியின் காட்டத்தை எழும்பவிடாது. அந்தச் சாற்றையும் உப்பையும் எள்ளு விழுதில் சேர்த்து, ஐஸ் தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டு அடியுங்கள். விழுது முதலில் கட்டிபட்டுப் பயமுறுத்தும். தொடர்ந்து அடித்தால் வெளுத்து இளகும். அதன் பிறகே, இளஞ்சூட்டில் இருக்கும் கடலையைச் சேர்த்து அரைக்க வேண்டும்.

இனிப் பீட்ரூட். இந்த அளவுக்குச் சிறியதாக ஒன்று போதும். தோலோடு ஆவியில் வேகவைத்து, பிறகு தோலை நீக்கித் துருவி, வெறும் தாச்சியில் ஈரம் வற்றும்வரை பிரட்டி, ஆறியதும் சேருங்கள். கரட்டுக்கும் பூசணிக்கும் இதே முறைதான். கொத்தமல்லித் தழையையும் புதினாவையும் நன்றாகத் துடைத்து, கடைசியில் ஒரு சுற்று மட்டும் அரைத்தால் நிறம் மங்காது. பச்சைத் தேங்காய்ப்பூவைச் சேர்க்க வேண்டாம். நம்மூர்ச் சூட்டில் சீக்கிரம் புளித்துவிடும். என்னைக் கேட்டால், எதையும் உள்ளே கலக்காமல், செத்தல் மிளகாயையும் கறிவேப்பிலையையும் சூடான எண்ணெயில் பொரித்து மேலே ஊற்றி, ரொட்டியோடு சாப்பிடுவதற்கு ஈடில்லை.

கேள்வி: நோன்பு திறக்கும் நேரத்துக்கு முதல்நாளே அரைத்து வைக்கலாமா? எருமைத் தயிர் கலக்கலாமா?
– வாசகர் ஒருவர், கிண்ணியா

பதில்: உள்ளி சேர்க்காமல் அரைத்து, மூடிய பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள்வரை தாராளமாக இருக்கும், உள்ளியும் தழைகளும் பரிமாறும் நாளில் சேரட்டும், ஏனெனில் வைக்க வைக்க உள்ளியின் காட்டம் ஏறும். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்த பின், பாதி எள்ளு விழுதுக்குப் பதிலாகச் சேர்க்கலாம். அப்படிச் செய்ததை மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள். எதுவானாலும், வெயில் நாட்களில் மேசைமேல் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். தட்டில் மீந்ததைப் பெட்டியிலுள்ள பாத்திரத்தில் திரும்பக் கொட்டவும் வேண்டாம்.