இரண்டாம் பிரதியை ஏன் வைத்திருக்க வேண்டும்?

அன்புள்ள ஐயா,

திருச்சிக்கு அருகில் ஒரு கல்லூரி நூலகத்தில் பணியாற்றுகிறேன். அரிய நூல்களை விவரிக்கும் முறை பற்றிய அறிமுக வகுப்பை முடித்திருக்கிறேன். இப்போது அமெரிக்காவின் வர்ஜீனியாப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் ரேர் புக் ஸ்கூலில் ஐந்து நாள் உயர்நிலை வகுப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டணத்துக்கு உதவித்தொகை உண்டு, பயணச் செலவு என்னுடையது. "அங்கே ஷேக்ஸ்பியர் காலத்துப் புத்தகங்களை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். நம்மிடம் இருப்பவை 19ஆம் நூற்றாண்டுத் தமிழ்ப் புத்தகங்கள். அவற்றையும் ஸ்கேன் செய்தாயிற்று. இனி அதில் என்ன இருக்கிறது?" என்று உடன் பணியாற்றுபவர்கள் கேட்கிறார்கள். இதற்கிடையில், ஒரே நூலுக்கு இரண்டு மூன்று பிரதிகள் இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடப் பட்டியல் கொடுக்கும்படி நிர்வாகம் சொல்லியிருக்கிறது. நான் போகலாமா?

க.

அன்புள்ள க.,

போய்வாருங்கள். திரும்பி வரும்வரை அந்தக் கழிவுப் பட்டியலைக் கொடுக்காமல் இருக்க வழி உண்டா என்றும் பாருங்கள். வகுப்பும் பட்டியலும் வேறு வேறு விஷயங்கள் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன.

டெர்ரி பெலாங்கர் 1983இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பள்ளி அது. 1992இல் வர்ஜீனியாவுக்கு இடம் மாறியது. நூல் விவரிப்புக்கு இன்றும் அடிப்படையாக இருக்கும் விதிகளை வகுத்து 1949இல் நூலாக வெளியிட்ட ஃபிரெட்சன் பௌவர்ஸ் பேராசிரியராக இருந்ததும் அதே வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில்தான். நானும் அங்கே படித்தவன். அறிமுக வகுப்பில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும், ஆனாலும் மற்ற வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

கையில் ஒரு பழைய சிறிய ஆங்கிலப் புத்தகத்தைக் கொடுப்பார்கள். ஒரு முழுத்தாளை மூன்று முறை மடித்து எட்டு ஏடுகளாக்கி, அப்படிப்பட்ட பாரங்களைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்க அடியிலும் கட்டுபவருக்காக ஓர் எழுத்து இருக்கும். ஏயில் தொடங்கிக் கேயில் முடிந்தால் மொத்தம் எத்தனை ஏடுகள்? பதினொரு எழுத்து, எண்பத்தெட்டு ஏடுகள் என்று கணக்கிடுவோம். கையில் எண்பதுதான் இருக்கும். ஒரு பாரம் காணவில்லை என்று எழுதத் தோன்றும். ஆனால் அந்தக் கால அச்சகங்கள் இதற்குப் பயன்படுத்தியது இருபத்துமூன்று எழுத்து வரிசை. அதில் ஜே கிடையாது. பத்துப் பாரம், எண்பது ஏடுகள், புத்தகம் முழுமையாக இருக்கிறது. பிறகு தாளை வெளிச்சத்தில் பிடித்து, கையால் செய்த காகிதத்தில் தெரியும் அகன்ற இடைவெளிக் கோடுகள் நெடுக்காகப் போகின்றனவா குறுக்காகப் போகின்றனவா என்று பார்ப்பார்கள். எட்டாக மடித்த புத்தகத்தில் நெடுக்காகவும் நான்காக மடித்ததில் குறுக்காகவும் வரும். ஓர் ஏட்டில் மட்டும் கோடு ஒத்துப்போகவில்லை என்றால் உள்மடிப்பை விரித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அங்கே ஒரு குறுகிய காகிதத் துண்டு எஞ்சியிருக்கும். அச்சிட்டு முடித்த பிறகு அந்த ஏட்டில் இருந்த ஏதோ ஒன்று வேண்டாம் என்று தீர்மானித்து, கத்தியால் அறுத்தெடுத்து, புது ஏட்டை அந்தத் துண்டில் ஒட்டியிருக்கிறார்கள். யாரோ எதையோ மறைத்த இடம் அது. ஸ்கேன் செய்த படத்தில் அந்தத் துண்டு தெரியாது.

உயர்நிலை வகுப்பில் இவ்வளவு ஒழுங்கான புத்தகங்கள் கிடைக்காது. அச்சகத்தில் நடந்தது எது, பிறகு இந்தப் பிரதிக்கு மட்டும் நடந்தது எது என்று பிரித்தறிவதுதான் அங்கே முழுநேர வேலை. காணாமல் போன ஏடு, இடம் மாறிக் கட்டிய பாரம், வேறொரு பிரதியிலிருந்து எடுத்துச் சேர்த்த முகப்பேடு, பழைய தாள்களுக்குப் புது முகப்பு மட்டும் அச்சிட்டு 'இரண்டாம் பதிப்பு' என்று விற்றது எனப் பல வகை. இவற்றை ஒரே பிரதியை வைத்துக்கொண்டு முடிவு செய்ய முடியாது. பக்கத்தில் இன்னொரு பிரதி வேண்டும். அந்த வகுப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது, உங்கள் பட்டியலைப் பற்றி நான் பதறுவதும் இதனால்தான்.

வாஷிங்டனில் உள்ள ஃபோல்ஜர் நூலகத்தில் ஷேக்ஸ்பியரின் 1623ஆம் ஆண்டு நாடகத் தொகுப்புக்கு 82 பிரதிகள் இருக்கின்றன. எதற்கு இத்தனை என்று யாரும் கேட்கலாம். அவற்றில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பிரதிகளைச் சார்ல்டன் ஹின்மன் பக்கம் பக்கமாக ஒப்பிட்டார். இரண்டு பிரதிகளின் ஒரே பக்கம் கண்ணாடிகள் வழியாக ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும்படி ஒரு கருவியையும் அதற்காகவே உருவாக்கினார். எங்கே வேறுபாடு இருக்கிறதோ அங்கே எழுத்து துடிப்பதுபோலத் தெரியும். அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திப் பிழை திருத்தினார்கள், திருத்துவதற்கு முன் ஓடிய தாள்களையும் வீணாக்காமல் சேர்த்துக் கட்டினார்கள். ஆகவே பிரதிக்குப் பிரதி பாடம் மாறியது. எந்தப் பக்கத்தை எந்த அச்சுக்கோப்பவர் கோத்தார், எந்த வரிசையில் கோத்தார் என்பதுவரை அவர் 1963இல் எழுதிக் காட்டினார்.

'அதெல்லாம் 17ஆம் நூற்றாண்டு' என்பார்கள் உங்கள் நண்பர்கள். 19ஆம் நூற்றாண்டுக்கும் ஒன்று சொல்கிறேன். எலிசபெத் பாரெட் பிரௌனிங்கின் காதல் கவிதைகள் ரெடிங் நகரில் 1847இல் தனியாக அச்சிடப்பட்டதாகச் சொல்லி ஒரு சிறு பிரசுரம் பல ஆண்டுகள் பெருவிலைக்குப் போயிற்று. 1934இல் ஜான் கார்ட்டரும் கிரஹாம் போலார்டும் அதன் காகிதத்தைச் சோதித்தார்கள். அதில் இருந்த இரசாயன மரக்கூழ் இங்கிலாந்தில் 1874க்கு முன் புழக்கத்திலேயே இல்லை. இப்படி ஒன்றல்ல, பல பிரசுரங்கள் போலி என்று தெரிந்தது. எல்லாத் தடயங்களும் அக்காலத்தில் பெருமதிப்புடன் இருந்த நூலறிஞர் தாமஸ் வைஸிடம் போய் முடிந்தன. கவிதை வரிகளை எத்தனை முறை வாசித்தாலும் இது வெளிப்பட்டிருக்காது.

இப்போது உங்கள் அலமாரிக்கு வருவோம். முகப்பில் 'பிரமோதூத வருஷம்' என்று மட்டும் போட்ட புத்தகம் ஒன்றாவது இருக்கும். அது 1810ஆ, 1870ஆ, 1930ஆ? சுழற்சி ஆண்டு மூன்றுக்கும் பொருந்தும். ஆனால் 1810இல் அச்சிட்டது என்றால் அநேகமாகக் கையால் செய்த காகிதமாகத்தான் இருக்கும். 1930 என்றால் விளிம்பு பழுத்து ஒடியும் மரக்கூழ்க் காகிதமாக இருக்க வாய்ப்பு அதிகம். காகிதம், அச்செழுத்தின் வடிவம், பாரத்தின் பக்க எண்ணிக்கை, தையல் துளைகள் ஆகியவற்றை வைத்தே ஒரு முடிவுக்கு வரலாம்.

நம் பக்கம் இன்னொரு நல்ல துணையும் உண்டு. 1867ஆம் ஆண்டின் 25ஆம் சட்டப்படி அச்சான ஒவ்வொரு நூலுக்கும் பக்கம், அளவு, பிரதிகளின் எண்ணிக்கை, விலை எல்லாம் பதிவாகி, காலாண்டுக்கு ஒருமுறை அரசிதழில் வெளியாயின. அங்கே 160 பக்கம் என்று இருந்து உங்கள் பிரதியில் 152 இருந்தால், போனவை சாற்றுக்கவிகளா, பிழைத்திருத்தமா, பதிப்பாளரின் விலைப்பட்டியலா? இரண்டாம் பிரதியைத் திறந்தால்தான் தெரியும். முதல் பிரதிக்குக் காலிகோத் துணி ஒட்டி பைண்டிங் செய்தபோது மேலுறையைக் கிழித்தெறிந்திருப்பார்கள், ஓரத்தையும் வெட்டியிருப்பார்கள். மூன்றாம் பிரதி கந்தலாக இருந்தாலும் அதில் மேலுறை பிழைத்திருக்கலாம். பட்டியலில் முதலில் கழிபடப் போவது அந்தக் கந்தல்தான்.

கொல்லத்தில் 1578இல் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம். அறியப்பட்ட ஒரே பிரதி ஹார்வர்டில் இருக்கிறது. அதனுடன் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று இல்லை. உங்களிடம் மூன்று பிரதிகள் இருக்கின்றன. உங்கள் நிர்வாகத்துக்கு எழுதும்போது இதை அப்படியே எழுதுங்கள்.

வகுப்பில் குறையும் உண்டு. ஒரு நூலின் பாரங்களையும் ஏடுகளையும் குறியீடுகளால் சுருக்கி எழுதும் பௌவர்ஸின் சூத்திரம் ஐரோப்பியக் கையச்சு நூல்களுக்காக உருவானது. நம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி நூல்களில் காகிதக் கோடு பெரும்பாலும் உதவாது, பாரக் குறி எண்ணாகவும் வரும், எழுத்தாகவும் வரும், இல்லாமலும் போகும். அங்கே இதைக் கேளுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். போவதற்கு முன் உங்கள் நூலகத்தில் இரட்டைப் பிரதி உள்ள நூல்களில் மிகச் சிக்கலானதாக ஒன்றைத் தேர்ந்து, பாரம் பாரமாக எழுதி, உள்மடிப்புகளையும் படமெடுத்துக் கொண்டுபோங்கள். மாலையில் வீட்டுப்பாடம் நிறைய இருக்கும், அறிமுக வகுப்பில் எழுதிய சூத்திரங்களை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. மில்லிமீட்டர் அளவுகோல், உருப்பெருக்கி, தாளின் மேல் சாய்த்துப் பிடிக்கச் சிறு டார்ச், பென்சில் போதும்.

வந்த பிறகு அந்த ஒரு நூலின் விவரிப்பை முழுமையாக எழுதி எனக்கு அனுப்புங்கள். இங்கேயே வெளியிடுகிறேன்.