குட்டி நீர்மூழ்கி மாடல் பெட்டியில் 1/72, 1/700 என்று போட்டிருப்பது எதற்கு?

இதற்கு அளவு விகிதம் என்று பெயர். 1/72 என்றால், நிஜக் கலத்தின் 72 செ.மீ. மாடலில் 1 செ.மீ. ஆகிவிடும். அவ்வளவுதான்.

பாம்பன் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 1/72 அளவில் செய்தால் கிட்டத்தட்ட 29 மீட்டர் வரும், தெருவையே அடைத்துவிடும். 1/700 அளவில் 3 மீட்டர்தான், கூடத்துச் சுவரோரம் அடங்கிவிடும். பெரிய போர்க்கப்பல்களை 1/350, 1/700 அளவுகளில் செய்வதும் இந்த இடப் பிரச்சினையால்தான்.

1943 செப்டம்பரில், நார்வேயில் நின்ற ஜெர்மனியின் டிர்பிட்ஸ் கப்பலைப் பிரிட்டனின் எக்ஸ் வகைக் குட்டி நீர்மூழ்கிகள் தாக்கின. கப்பல் சுமார் 250 மீட்டர். நீர்மூழ்கியோ 16 மீட்டருக்குள், நம் ராமேசுவரம் விசைப்படகு அளவு. உள்ளே 4 பேர். 1/700 அளவில் கப்பல் 36 செ.மீ., நீர்மூழ்கி 2 செ.மீ. சொச்சம், ஒரு விரல் கணு! இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அந்த நாலு பேரின் துணிச்சல் எனக்கு உறைத்தது.

ஆனால் விரல் கணு அளவில் பெரிஸ்கோப் எங்கே தெரியும்? அதனால் குட்டிகளை 1/72 (22 செ.மீ.), 1/35 (45 செ.மீ.) அளவுகளில் வாங்குவதே நல்லது. அப்புறம், நம் கரையில் கண்ணாடிப் பெட்டி கட்டாயம். உப்புக்காற்றில் பித்தளைப் பாகங்கள் சீக்கிரமே பச்சை பூத்துவிடும்.

எண் பெரிதானால் மாடலும் பெரிது என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு, ஒரே கலத்தின் 1/700 மாடல் 1/72 மாடலில் பத்தில் ஒரு பங்குதான் நீளம் இருக்கும்.