வாசகர் கேள்வி: இயந்திரத் துப்பாக்கிக்கு யார் பணம் கொடுத்தார்கள்?

கேள்வி: என் மகள் சிங்கப்பூர் ஆயுதப்படையின் தொண்டூழியர் படையில் சேர்ந்திருக்கிறாள். வெள்ளைக்காரர் காலத்திலேயே இங்கு இப்படி ஒரு படை இருந்ததாமே? அதற்கு அரசாங்கம் உதவியதா?
– வாசகி, ஈசூன்

பதில்: இருந்தது அம்மா. 1854 மே மாதம் ஹொக்கியன், தியோச்சியூ சீனர்களிடையே மூண்ட கலவரத்தில் ஏறத்தாழ 400 பேர் இறந்தார்கள். போதாததற்கு அதே ஆண்டு பிரிட்டன் ரஷ்யாவோடு போரில் இறங்கியிருந்தது. பயந்துபோன ஐரோப்பிய வணிகர்கள் கூடித் தொண்டூழிய ரைபிள் படை அமைத்தார்கள். ஆளுநர் பட்டர்வொர்த் ஆதரித்தார். அப்போது சிங்கப்பூர் கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்டது; 1857ல் அங்கு இதற்கெனச் சட்டமும் வந்தது.

ஆசீர்வாதமும் சட்டமும் சுலபமாகக் கிடைத்தன. ஆள்பலம்தான் நிற்கவில்லை. ஆட்கள் குறைந்துகொண்டே போய், 1887ல் படையையே கலைத்துவிட்டார்கள். மறு வருடம் அரசாங்கப் பொறியாளர் மெக்கல்லம் தலைமையில் பீரங்கிப் படையாக மீண்டும் எழுந்தது. இதில் என்னைத் தொடுவது மாக்சிம் இயந்திரத் துப்பாக்கி விஷயம். காலனியைக் காக்கப்போகும் ஆயுதம் அது. வாங்கியதோ ஊர் மக்கள் போட்ட நன்கொடையில்! கஜானா வைத்திருந்தவர்கள் செய்ய வேண்டிய செலவு அது என்பதே என் எண்ணம்.

1901ல் சீனர்களுக்குத் தனி அணி வந்தது. சீனச் சமூகத் தலைவர் டாக்டர் லிம் பூன் கெங் அதில் சேர்ந்தார். 1915 பிப்ரவரியில் இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்தபோது தொண்டூழியர்களும் களத்தில் இறங்கினார்கள். அப்புறம்தான் அரசாங்கத்துக்கு உறைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், 18 முதல் 55 வயது வரையிலான பிரிட்டிஷ் குடிமக்களான ஆண்களுக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. பீச் ரோட்டில் பெரிய பயிற்சிக்கூடம் 1933ல் திறக்கப்பட்டது.

அந்தக் கூடத்தை நான் நன்றாக அறிவேன். 1965ல் தொண்டூழியர்களைக் கொண்ட மக்கள் தற்காப்புப் படை உருவானதும், அலுவலக வேலை முடிந்து மாலையில் அங்கு போய் நின்றவர்களில் நானும் ஒருவன். கஞ்சி போட்டு விறைப்பாகத் தேய்த்த சட்டை பாதி அணிவகுப்பிலேயே வியர்வையில் தொய்ந்துவிடும். இடுப்புவாரின் பித்தளைக் கொக்கியைப் பிராசோ போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல்நுனி கறுத்திருக்கும். பக்கத்தில் குமாஸ்தா, அந்தப் பக்கம் ஆசிரியர், பின்னால் துறைமுகத் தொழிலாளி. சீருடையும் துப்பாக்கியும் எங்கள் அரசாங்கம் கொடுத்தது. யாரிடமும் நன்கொடை கேட்க வேண்டியிருக்கவில்லை.

உங்கள் மகள் சேர்ந்திருப்பது 2014ல் அமைக்கப்பட்ட படை. நிரந்தரவாசிகள், புதுக் குடிமக்கள், பெண்கள் எல்லாருக்கும் அதில் இடமுண்டு. அந்தக் கூடத்தை அவருக்குக் காட்ட விரும்பினால் எஸ்பிளனேட் ரயில் நிலையத்தில் இறங்குங்கள். சவுத் பீச் கோபுரங்களுக்கு நடுவே, பழைய முகாமின் சில கட்டடங்களோடு அதையும் இடிக்காமல் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். மகளுக்கு என் அன்பான வாழ்த்துகளைச் சொல்லுங்கள்.