மகளின் தொய்வுக்கு அந்த ஊசி தேவையா?

கேள்வி: மகளுக்கு 12 வயது. காலபோக அறுவடையில் வெட்டு மெசின் ஓடத் தொடங்கினால் தொய்வு (ஆஸ்துமா) வந்துவிடும். கிளினிக்கில் தந்த நீலப் பம்பும் மண்ணிறப் பம்பும் இருக்கின்றன. பழகிவிடும் என்ற பயத்தில் மண்ணிறத்தை இழுப்பு வந்தால் மட்டும் பாவிக்கிறோம். தொய்வை அடியோடு நிறுத்தும் ஊசி இருக்கிறதாம் என்று கனடாவிலுள்ள தம்பி சொல்கிறார். மகளுக்குப் போடலாமா? 5 வயது மகனுக்கு வராமல் தடுக்கவும் உதவுமா?
- ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: அம்மா, அப்படி ஊசிகள் இருப்பது உண்மை. ஆனால் அவை தொய்வை அடக்கி வைப்பவை, அடியோடு நிறுத்துபவை அல்ல. நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வரும்.

நெல் தூசு யாருக்கும் இருமலைத் தரும். அலர்ஜித் தொய்வு உள்ளவர்களின் உடம்போ அதிலுள்ள பூஞ்சணத்தையோ கண்ணுக்குத் தெரியாத தூசு உண்ணியையோ எதிரியாக எடுத்துக்கொள்கிறது. உடனே நோயை எதிர்க்கும் நிர்ப்பீடனக் கலங்கள் இன்டர்லூகின் என்ற இரசாயனங்களால் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும். இன்டர்லூகின் 4, ஐஜிஈ என்ற பிறபொருளெதிரியைச் செய்யத் தூண்டும். 5, ஈசினோபில் என்ற வெண்குழியங்களைப் பெருக்கும். 13, சளியைக் கூட்டும். ஐஜிஈ மாஸ்ட் கலங்களில் ஒட்டிக் காத்திருக்கும். அதே தூசு திரும்பப் பட்டதும் அந்தக் கலங்கள் ஹிஸ்டமின் என்ற இரசாயனத்தைக் கொட்ட, மூச்சுக்குழாய் இறுகும்.

ஊசிகள் இந்த வழியில் ஏதாவது ஓரிடத்தை மறிக்கின்றன. 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஓமலிசுமாப், ஐஜிஈயைப் பிடித்துக்கொள்ளும். மெபோலிசுமாப் இன்டர்லூகின் 5ஐ மறிக்கும். டுபிலுமாப் இன்டர்லூகின் 4, 13 இரண்டின் வேலையையும் மறிக்கும். ஓமலிசுமாபை 6 வயதுக்கு மேல் கொடுக்கலாம். 2 அல்லது 4 கிழமைக்கு ஒரு தடவை தோலுக்குக் கீழே போடுவார்கள். விலை மிக அதிகம். அரிதாகக் கடும் ஒவ்வாமையும் வரலாம். அதனால்தான் தடுப்புப் பம்பை ஒழுங்காக எடுத்தும் அடங்காத கடுமையான தொய்வுக்கு மட்டும் இதை யோசிப்போம்.

உங்கள் மகள் அந்த நிலைக்கு வரவில்லை. தடுப்புப் பம்பான மண்ணிறப் பம்பை அவள் இன்னும் ஒழுங்காக எடுத்துப் பார்க்கவே இல்லையே! அதிலுள்ள பெக்லோமெத்தசோன், ஊசி ஒன்றொன்றாக மறிக்கும் அந்தச் செய்திகளில் பலவற்றைச் சேர்த்தே குறைக்கும். ஆனால் நாள்தோறும் எடுத்தால்தான், அதுவும் கொஞ்ச நாள் போனால்தான் பலன் தெரியும். இழுப்பு வந்தபின் அடித்தால் அது நீலப் பம்பைப்போல உடனே மூச்சுக்குழாயைத் திறக்காது. பழகிவிடும் என்ற பயம் வேண்டாம். எடுத்ததும் வாய் கொப்பளித்தால் போதும்.

மகனுக்குத் தொய்வு வராமல் தடுக்க இந்த ஊசிகளைக் கொடுப்பதில்லை. வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகையை விடாதீர்கள், விறகடுப்புப் பக்கம் பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். அறுவடை நாட்களில் இருவரையும் வயற்பக்கம் அனுப்பாதீர்கள். நெல் மூட்டைகள் இருக்கும் அறையில் படுக்க வைக்கவும் வேண்டாம்.

மகளுக்கு ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் மூச்சு முட்டினாலோ, விலா உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, நீலப் பம்பை ஸ்பேசரில் (பம்பில் மாட்டும் குடுவை) கொடுத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள். விடியட்டும் என்று இருக்க வேண்டாம். அடுத்த கிளினிக்குக்கு இரண்டு பம்பையும் ஸ்பேசரையும் கையோடு கொண்டுபோய், எப்படி எடுக்கிறாள் என்று மகளையே செய்துகாட்டச் சொல்லுங்கள்.