ஜப்பான் போகுமுன் அந்த நாட்டைப் பற்றி ஏன் படிக்க வேண்டும்?

முன்பே படிப்பது என்றால் இடங்களைப் பட்டியல் போடுவதல்ல. எந்த இடத்துக்கு எது நேரம், அங்கே எது மரியாதை என்று தெரிந்துகொள்வது. மட்டக்களப்பு ஆட்களுக்குச் சொல்லவா வேண்டும்? வாவித் தண்ணீருக்குள்ளிருந்து வரும் ‘பாடும் மீன்’ சத்தத்தைக் கேட்க அங்குள்ள கல்லடிப் பாலத்துக்குப் பட்டப்பகலில் வருபவர் வாகன இரைச்சலைத்தான் கேட்டுப் போவார். நிலா இரவில், சந்தடி அடங்கியபின் வரவேண்டும். டோக்கியோவின் சகுரா என்ற செர்ரிப் பூவும் அப்படித்தான். மார்ச் கடைசியில் பூக்கத் தொடங்கும், முழுதாய் மலர்ந்தபின் ஒரு வாரம் நின்றால் பெரிது. மே மாதம் போனால் பச்சை இலைதான்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவது நமக்கும் பழக்கம், அது சரி. ஆனால் சோற்றில் சாப்பாட்டுக் குச்சிகளை நட்டு வைத்துவிடாதீர்கள். அங்கே இறந்தவருக்குத்தான் அப்படிப் படைப்பார்கள்.

படித்துப் போனால் சுவாரசியம் கெட்டுவிடும் என்பது தவறு: நிலா நாள் பார்த்துக் கல்லடிக்கு வந்தவருக்கும் அந்தச் சத்தம் புதிதாகத்தான் இருக்கும்.