மதிப்பீட்டுக்கு வராத பழைய கார்: காட்சிக்கு வைக்கலாமா?

வணக்கம். உங்கள் 1968 மாரிஸ் மைனர் காரில் சீட் பெல்ட்டும் இக்கால ரேடியல் டயரும் பின்னர் பொருத்தப்பட்டிருப்பதால் பழைய கார் காட்சியிலிருந்து திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கவலை தேவையில்லை. நீங்கள் எடுத்துக்காட்டிய அமெரிக்கப் பழங்கார் சங்கத்தின் விதிகளிலேயே, குறைந்தது 25 ஆண்டுகள் ஆன, சாலையில் உண்மையாகவே ஓட்டப்படும் கார்களுக்கென்று தனிப் பிரிவு ஒன்று இருக்கிறது; அதில் நடுவர்கள் மதிப்பிட்டுப் புள்ளி குறைப்பது கிடையாது, பாதுகாப்புக்காகச் செய்த இத்தகைய மாற்றங்களும் ஏற்கப்படுகின்றன. சிங்கப்பூரில் நடக்கும் காட்சிக்கோ ஏற்பாட்டாளர் தரும் விதியே விதி என்பதால், பதிவுப் படிவத்தில் 'காட்சிக்கு மட்டும்' (மதிப்பீட்டுக்கு அல்ல) என்று எழுதி, செய்த மாற்றங்களையும் மறைக்காமல் குறிப்பிடுங்கள்.

மதிப்பீடு இல்லையென்றாலும் தீயணைப்பானை எளிதில் எடுக்கும்படி வையுங்கள், எண்ணெய் சொட்டும் இடத்தில் தட்டு ஒன்றும் வையுங்கள் (மைனருக்கு அது கட்டாயம் என்பேன்!). 'விற்பனைக்கு' என்ற அட்டையைத் தொங்கவிடுமுன் ஏற்பாட்டாளரைக் கேளுங்கள்; பல காட்சிகளில் அதற்கு அனுமதியில்லை.

உங்கள் கார் சிங்கப்பூரில் பழைய கார்களுக்கென்று உள்ள கிளாசிக் திட்டத்தில் பதிவானதென்றால், ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே சாலையில் ஓட்டலாம் என்பதை மறந்துவிடாதீர்கள். முதல் நாள் மாலையே காரைக் கொண்டுபோய் நிறுத்தி, காட்சி முடிந்து மறுநாள் வீட்டுக்கு ஓட்டிவந்தால் இரண்டு நாள் கழிந்துவிடும்.